இட்லிக்கு 2 ரூபாய், கார்டுக்கு 75,000

மகன் சிங்கப்பூரில், மகள் டல்லாஸில் என்று சேலம் சூரமங்கலத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் பெட்டி கட்டுகிற காலம் இது. இந்த வாரத் தபாலில் பாதி விமான நிலைய லவுஞ்ச் பற்றி. மீதிப் பாதி சாக்கடை பற்றி. சாக்கடை எங்கும் ஓடிவிடாது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

கே: லவுஞ்ச் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லவும். (ஜாகீர் அம்மாபாளையம் வாசகர்)

ப: வெளியே நாற்காலியில் உட்கார்ந்து செய்வதையே உள்ளே சோபாவில் சாய்ந்து செய்யும் இடம். விமானம் தாமதமானால் இரண்டு பேருக்கும் அதே தாமதம்தான்.

கே: கார்டைக் காட்டினால் சாப்பாடு இலவசம் என்கிறார்களே, நம்பலாமா? (அழகாபுரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ப: உங்களுக்கு இலவசம்தான் சார். ஆனால் உலகத்தில் யாரோ ஒருவர் அந்த இட்லிக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வாசலில் கார்டைத் தேய்க்கும்போது பெரும்பாலும் 2 ரூபாய் எடுப்பார்கள். அது கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற சடங்கு. நிஜமான பில் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகிறது. லவுஞ்ச் நடத்துகிறவர் தலைக்கு இவ்வளவு என்று ஒரு இடைநிலை நிறுவனத்திடம் வாங்குவார். அந்த நிறுவனம் வங்கியிடமோ கார்டு கம்பெனியிடமோ வாங்கும். லவுஞ்ச்காரர் தன் வருமானத்தில் ஒரு பங்கை விமான நிலையத்துக்குக் கட்டுவார். சரி, வங்கி யாரிடம் வாங்கும்? கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷன், ஆண்டுக் கட்டணம் எல்லாம் உண்டு. கொழுத்த வருமானம் என்னவோ, பில்லை முழுதாகக் கட்டாமல் 'மினிமம் டியூ' மட்டும் கட்டித் தள்ளிப்போடுகிறவரின் வட்டி. மாதம் மூன்றரை சதவீதம் வாக்கில் வரும். ஆண்டுக்குப் போட்டால் 42. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆண்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டினால் அது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது.

ஆக, ஒழுங்காகத் தேதிக்குள் பில் கட்டும் உங்களுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தவர், எங்கோ ஓர் ஊரில் ஃபிரிட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கார்டைத் தேய்த்துவிட்டு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆள். அநேகமாக அவர் விமானத்திலேயே ஏறியிருக்க மாட்டார். சாப்பிடும்போது அவருக்காக ஒரு வாய் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 'பேங்க்காரன் தர்றான்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கே: போன வருஷம் இதே கார்டுக்குக் கும்பிடு போட்டு உள்ளே விட்டார்கள். இந்த வருஷம் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கார்டு அதேதான், நானும் அதே ஆள்தான். என்ன ஆச்சு? (கொண்டலாம்பட்டி வாசகர்)

ப: கார்டு அதே, ஆள் அதே, கணக்கு வேறு. எல்லோரிடமும் கார்டு வந்து, எல்லோரும் லவுஞ்சுக்கு வந்ததும் வங்கிகளுக்கு வயிறு எரிந்தது. முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று நிபந்தனை போட ஆரம்பித்தார்கள். ஐசிஐசிஐ வங்கி தன் பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரலில் 35,000 ரூபாய் என்று வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அதை 75,000 ஆக்கியது. மூன்று மாதத்தில் 75,000 செலவு செய்தால் ஒரு தட்டு பொங்கல். செவ்வாய்ப்பேட்டை மெஸ்ஸில் இந்த நிபந்தனை கிடையாது.

இடைநிலை நிறுவனங்களின் கதை இன்னும் சுவாரசியம். வங்கிகளையும் லவுஞ்சுகளையும் கோத்துக் கொடுத்தே வளர்ந்த ட்ரீம்ஃபோக்ஸ் 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 326 ரூபாய். முதல் நாளே துள்ளிக் குதித்தது. மூன்று வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 16 முதல் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்துவதாக அதே நிறுவனம் அறிவித்தது. லவுஞ்ச் நடத்துகிறவரும் வங்கியும் நேரடியாகக் கைகோத்தால் நடுவில் நிற்பவருக்கு என்ன வேலை? மரவள்ளி விற்கும் நம் ஆத்தூர்க்காரரைக் கேட்டால் புரோக்கர் விஷயத்தை இன்னும் விளக்கமாகச் சொல்வார்.

கே: உள்நாட்டு லவுஞ்சுக்கான கார்டு வெளிநாட்டு முனையத்தில் செல்லுமா? (ஃபேர்லேண்ட்ஸ், முதல்முறை துபாய் போகிறவர்)

ப: செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள். வரவேற்பில் இருக்கும் பெண் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிரித்த முகத்தோடு திருப்பியே தந்துவிடுவார். பல கார்டுகளில் சலுகை உள்நாட்டு முனையத்தோடு முடிந்துவிடும். சில கார்டுகளோடு 'பிரையாரிட்டி பாஸ்' என்று இன்னோர் அட்டை வரும். 1992-இல் தொடங்கிய திட்டம் அது; நம் வங்கிகள் அதைப் பெரும்பாலும் அயல்நாட்டு லவுஞ்சுகளுக்காகவே தருகின்றன. பெங்களூரிலோ சென்னையிலோ நீட்டினால் பின்னால் டாலர் கணக்கில் பில் வரக்கூடும். இந்தியாவில் உள்ள வெளிநாட்டு முனையத்தையும் சேர்த்துக்கொள்ளும் கார்டுகளும் உண்டு.

கிளம்பும் முன்பே வங்கி ஆப்பைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். எந்த முனையம், வருஷத்துக்கு எத்தனை தடவை, கூட வருகிறவருக்கு உண்டா. மூன்றாவதுதான் முக்கியம். கணவர் உள்ளே சூப் குடிக்க, மனைவி வெளியே ட்ராலியோடு நின்றால், அந்தத் தம்பதியின் துபாய்ப் பயணம் பெங்களூரிலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

கே: லவுஞ்சில் எவ்வளவு சாப்பிடலாம்? (கந்தம்பட்டி, 'நல்ல சாப்பாட்டு ரசிகன்')

ப: அளவுக்குக் கட்டுப்பாடு கிடையாது. இயற்பியல்தான் கட்டுப்படுத்தும்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி, ஊட்டி 7,350. அதாவது வயிறு முட்டத் தின்றுவிட்டு அரை மணிக்குள் ஊட்டி ஏறுகிறீர்கள். ஏற்காட்டு வளைவுகளில் கையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, குடலுக்குள் இருக்கும் வாயுவுக்கும் அதே விதிதான். ராஜ்மா, சோளே, சோடா மூன்றையும் ஒரே மூச்சில் முடித்தால் நடு இருக்கையில் உட்கார்ந்து கடவுளை நினைப்பீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் உங்களை நினைப்பார்.

இன்னொன்று. மேலே போனால் உப்பும் இனிப்பும் நாக்கில் மந்தமாகத்தான் தெரியும். விமானச் சாப்பாடு சப்பென்றிருப்பதற்குச் சமையல்காரர் மட்டும் காரணமில்லை. ருசிக்குக் கீழே கொஞ்சம், பசிக்கு மேலே கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கே: லவுஞ்சில் அமைதியாக இருக்கும், ராஜ மரியாதை கிடைக்கும் என்கிறாள் மகள். உண்மையா? (சூரமங்கலம், உழவர் சந்தைத் தெரு அம்மா)

ப: மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் உண்மை. ஆனால் ஐரோப்பா, வளைகுடா, சிங்கப்பூர் விமானங்களில் நிறைய நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புகிறவை. இரவு பத்தரைக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் கயிறு கட்டி வரிசை. உள்ளே மூடி போட்ட பாத்திரத்தில் ஓரம் காய்ந்த இட்லி, பக்கத்தில் பாஸ்தா, அதற்குப் பக்கத்தில் கேசரி. ஒருத்தர் பாஸ்தா மேல் தேங்காய்ச் சட்னி ஊற்றிக்கொண்டு போகிறார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சோபா ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பை அல்லது கோக் கேன் உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த வம்சம், கிரெடிட் கார்டு வந்ததும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுமா? சாம்பாரில் வெல்லம் இருந்தால் பெங்களூர், இல்லையென்றால் சென்னை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கே: இந்த லவுஞ்ச் யோசனை முதலில் யார் மண்டையில் உதித்தது? (மெய்யனூர் கல்லூரி மாணவர்)

ப: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1939-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் 'அட்மிரல்ஸ் கிளப்' என்று திறந்ததைத்தான் முதல் விமான நிறுவன லவுஞ்ச் என்பார்கள். காசு கொடுத்தாலும் அப்போது உள்ளே விட மாட்டார்கள். நிறுவனமே பார்த்துப் பெரிய மனிதர்களை அழைக்கும். அழைக்கப்பட்டவர் 'அட்மிரல்'. கடலில் கால் வைக்காத கடற்படைத் தளபதிகள்.

இன்று தோஹாவில் கத்தார் ஏர்வேஸின் அல் முர்ஜான் லவுஞ்ச் மட்டும் சுமார் 10,000 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டரை ஏக்கர். அதில் மரவள்ளி போட்டால் ஜவ்வரிசி மில்லுக்கு லாரி லாரியாகப் போகும்.

கே: ஒரே விமானத்தில் போகிறவர்களை இப்படிப் பிரித்து உட்கார வைப்பது நவீனத் தீண்டாமை இல்லையா? (அம்மாபேட்டை தோழர்)

ப: கோபம் புரிகிறது தோழர், ஆனால் அந்தச் சொல்லை இங்கே செலவழிக்காதீர்கள். இதே தமிழ்நாட்டில், தென்னிந்திய ரயில்வேயின் உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்று தனித்தனியாகச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். டிக்கெட்டுக்கு ஒரே காசு, தட்டுக்கு வேறு இடம். பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் சண்டை போட்டு, 1940-களின் தொடக்கத்தில்தான் அது ஒழிந்தது. அது பிறப்பைப் பார்த்துப் போட்ட வேலி. கோடி கொடுத்தாலும் தாண்ட முடியாது. இது பர்ஸைப் பார்த்துப் போட்ட வேலி. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், முதலாவதின் கொடுமை சின்னதாகிவிடும்.

எனக்குள்ள வருத்தம் வேறு. லவுஞ்ச் பெரிசாகப் பெரிசாக, வெளியே இருப்பவருக்கு ஒரு டீ கூட ஆள் வாங்குகிற விலையில் கிடைப்பதில்லை. அந்த வகையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' திறந்தார்கள். தண்ணீர் 10, டீ 10, காபி 20, சமோசா 20. கார்டும் வேண்டாம், காலாண்டுக் கணக்கும் வேண்டாம். வெளிநாட்டு முனையங்களிலும் இப்படி ஒன்று வந்தால் லவுஞ்ச் வாசல் வரிசையில் பாதி தானாகக் கரைந்துவிடும்.

கே: மகளைப் பார்க்கத் தனியாகப் போகிறேன். வீட்டிலிருந்து தயிர் சாதம் எடுத்துப் போய் லவுஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாமா தம்பி? (அயோத்தியாப்பட்டணம் அம்மா)

ப: லவுஞ்சில் வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக விட மாட்டார்கள் அம்மா. கேட் பக்கத்து நாற்காலியில் தாராளமாகப் பிரிக்கலாம். ஆனால் அதற்கு முன் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. இட்லி, சப்பாத்தி, புளிசாதம், நம் தட்டுவடை எல்லாம் போகும். சாம்பார், சட்னி, தயிர் திரவக் கணக்கு. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் ஒரு டப்பா 100 மில்லியைத் தாண்டக் கூடாது. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்டது; அதன் பிறகு வந்த கெடுபிடி. தயிர் சாதம் திடமா திரவமா என்பது நீங்கள் பிசைந்த பதத்தையும் அந்த அதிகாரியின் மனசையும் பொறுத்தது. புளிசாதமே கட்டுங்கள். ஊறுகாயைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

வீல்சேர் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். தள்ளி வருகிறவர் உங்களை லவுஞ்சில் இறக்கிவிட்டால், திரும்ப எத்தனை மணிக்கு வருவார் என்று வாயைத் திறந்து கேட்டு வையுங்கள். கூச்சப்பட்டால் கேட் மூடிவிடும்.

கே: டிக்கெட் வாங்கி உள்ளே போய், லவுஞ்சில் சாப்பிட்டுவிட்டு, டிக்கெட்டைக் கேன்சல் செய்தால் என்ன? (பெயர் வெளியிட விரும்பாத குகை வாசகர்)

ப: பெயர் வெளியிட விரும்பாதது நல்ல முடிவு. உங்களுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். சீனாவில் ஒருவர் முதல் வகுப்பு டிக்கெட் ஒன்றை வாங்கி, ஒரு வருஷத்தில் 300 தடவைக்கு மேல் தேதி மாற்றி, ஷியான் விமான நிலைய லவுஞ்சில் சாப்பிட்டு வந்ததாக 2014-இல் பத்திரிகைகள் எழுதின. கடைசியில் டிக்கெட்டை ரத்து செய்து பணத்தையும் வாங்கிக்கொண்டாராம்.

சிங்கப்பூரில் அந்த ராசி கிடையாது. 2016-இல் கோலாலம்பூர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு மலேசியர், கம்ப்யூட்டரில் போலி போர்டிங் பாஸ் தயாரித்துக்கொண்டு சாங்கி விமான நிலைய லவுஞ்சுகளிலேயே 18 நாள் குடியிருந்தார். நண்பர்களுக்கும் போலி பாஸ் போட்டுக் கொடுத்த பெருந்தன்மைக்காரர். பிடிபட்டதும் இரண்டு வாரம் சிறை. அங்கே பறக்கும் எண்ணமில்லாமல் டிக்கெட் வாங்கி உள்ளே புகுந்தாலே குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. சிறையிலும் சாப்பாடு இலவசம்தான்.

கே: உலகத்திலேயே பெரிய பந்தா எங்கே? (ஐந்து ரோடு வாசகர்)

ப: ஃபிராங்க்ஃபர்ட். லுஃப்தான்சா 2004-இல் முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று தனிக் கட்டடமே கட்டியது. சோதனை, பாஸ்போர்ட் எல்லாம் உள்ளேயே. விமானத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுவார்கள். குளியலறைத் தொட்டியில் மிதக்க ரப்பர் வாத்து ஒன்று தருவார்கள்; உலகமெங்கும் பணக்காரர்கள் அதைச் சேர்த்து வைக்கிறார்கள். நம்மூரில் அதை மூன்று வயதில் நிறுத்திவிடுவோம்.

கே: வெளிநாட்டு முனைய லவுஞ்சில் 'அது'வும் கிடைக்குமாமே? (நாமக்கல், லாரி அதிபர்)

ப: கிடைக்கும். ஆனால் கேபினுக்குள் ரகளை செய்தால் 2017 முதல் விதி இருக்கிறது. வாய்த்தகராறுக்கு 3 மாதம் வரை, கைகலப்புக்கு 6 மாதம் வரை, உயிருக்கு உலை வைக்கிற மாதிரி நடந்தால் 2 ஆண்டோ அதற்கு மேலோ பறக்கத் தடை. லாரிக்கு டிரைவர் வைத்திருப்பீர்கள். விமானத்தில் அந்த வசதி இருக்கிறதே என்று தைரியம் வேண்டாம்.

கே: லவுஞ்ச் ஆம்லெட்டில் நாமக்கல் முட்டைதான் போடுகிறார்களா? (பரமத்தி கோழிப் பண்ணைக்காரர்)

ப: கத்தாருக்கும் ஓமனுக்கும் நாமக்கல் முட்டை கப்பலேறுகிறது. உங்களுக்கு விசா வரும் முன்னே உங்கள் பண்ணை முட்டை அங்கே போய் இறங்கியிருக்கலாம்.

கே: நம் கமலாபுரம் விமான நிலையத்தில் லவுஞ்ச் எப்போது? (ஓமலூர் வாசகர்)

ப: முதலில் விமானம் நிலையாக வரட்டும். 1993-இல் திறந்தார்கள், வந்தது, நின்றது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, பிறகு அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. இறங்குவது சின்ன ஏ.டி.ஆர். விமானங்கள், வெளிநாட்டுச் சேவை இல்லை. பெங்களூரில் எஸ்.டி.டி. எண்ணையே பெயராக்கி '080 லவுஞ்ச்' என்று வைத்திருக்கிறார்கள். நம் 0427 இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

கே: கார்டு இல்லை. கைக்காசு போட்டு லவுஞ்சுக்குப் போவது தண்டமா? (சூரமங்கலம், ரயில்வே காலனி)

ப: ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்பார்கள். தங்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம். சாப்பாட்டுக்காக என்றால் தண்டம். ஆனால் நம் ஊர்க்காரருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ராத்திரி ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியுமுன் சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ திறக்கும்வரை காத்திருந்து மீனம்பாக்கம் போகிறோம். இல்லையென்றால் தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று காரில் குலுங்கி, பெங்களூரின் தெற்கிலிருந்து வடக்கே தேவனஹள்ளி வரை நகரத்தையே துளைத்துப் போகிறோம். விமானம் ஏறும் முன்பே பாதி உலகம் சுற்றிய களைப்பு. அந்த நிலையில் ஒரு குளியல், ஒரு சுத்தமான கழிப்பறை, முதுகு நீட்ட ஒரு சாய்வு நாற்காலி, சார்ஜர் பாயிண்ட். சர்க்கரை வியாதிக்காரரும் கைக்குழந்தைக்காரரும் கணக்கே பார்க்க வேண்டாம், கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். குளியலறை எல்லா லவுஞ்சிலும் இராது, பணம் கட்டும் முன் "ஷவர் இருக்குங்களா?" என்று கேளுங்கள். விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் நேராகக் கேட்டுக்கே நடங்கள்.

கே: உள்ளே தூங்கிவிட்டால் எழுப்புவார்களா? (பனங்காடு, வெள்ளிப் பட்டறைக்காரர்)

ப: பெரும்பாலும் மாட்டார்கள். பல விமான நிலையங்களில் இப்போது ஒலிபெருக்கி அறிவிப்பே கிடையாது. பலகையைப் பார்த்து நாமே எழுந்து போக வேண்டும். வெளிநாட்டு முனையத்தில் லவுஞ்சிலிருந்து கேட்டுக்குப் பதினைந்து நிமிட நடை சாதாரணம். விமானம் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பே கேட்டை மூட ஆரம்பித்துவிடுவார்கள். போனில் இரண்டு அலாரம் வையுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று மனசாட்சிக்கு.

கே: என் மச்சான் ஒவ்வொரு பயணத்துக்கும் லவுஞ்சில் கால் மேல் கால் போட்டு, கையில் ஜூஸோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறான். வீட்டில் இடி எனக்கு. என்ன செய்ய? (நெத்திமேடு மாப்பிள்ளை)

ப: படத்தில் போர்டிங் பாஸ் தெரிந்தால் மட்டும் உடனே எடுக்கச் சொல்லுங்கள், அந்த பார்கோடில் பி.என்.ஆர். எண் இருக்கிறது, விஷமிகள் டிக்கெட்டில் கைவைக்க அதுவும் பெயரும் போதும். போர்டிங் பாஸ் தெரியவில்லையென்றால், ஸ்டேட்டஸுக்குக் கீழே ஒரே ஒரு வரி: "மச்சான், உன் ஃபிளைட்டுக்கு கேட் மாத்திட்டாங்களாமே?"